டிக் டிக் என்றொரு பதில்

அத்தியாயம் 14

எனக்கும் என் தங்கையின் கணவருக்கும் மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் தினமும் நான்கு முறை பேசிக்கொண்டிருந்தோம்.

காரணம், தொழில். மாப்பிள்ளை, ஒன்பது பேர் உட்காரக்கூடிய குட்டி விமானம் ஓட்டுகிறவர். நான் அதே விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில், எண்பத்து நான்கு படிகளுக்கு மேலே ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வருகிற போகிற விமானங்களுக்கெல்லாம் 'போ', 'நில்', 'இறங்கு' என்று சொல்கிற ஆள். வீட்டில் என் தலை தெரிந்ததும் அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விடலாம். விமானத்தில் பால்கனி கிடையாது.

சண்டை எதனால் என்பதை, இந்த வாரம்தான் பக்கத்து இருக்கைக்காரர் தோளுக்கு மேல் எட்டிப் படிக்க ஆரம்பித்திருப்பவர்களுக்காக இரண்டே வார்த்தையில் சொல்லிவிடுகிறேன்: என் வாய்.

முதன்முதலாகத் தனியாக விமானம் ஓட்டிய அன்று பயத்தில் அழுதுகொண்டேதான் தரை இறங்கினேன் என்று, கல்யாணமான புதிதில் அவர் என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தார். ஆறு வருஷம் அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். அவருடைய பதவி உயர்வு விருந்தில், சக விமானிகள் பதினைந்து பேர் முன்னால், மூக்கை உறிஞ்சி நடித்தே காட்டிவிட்டேன். கைதட்டல் நன்றாகத்தான் இருந்தது.

"கோமாளியா இருக்கறது உன் இஷ்டம் அண்ணா. அவரை எதுக்கு மேடையேத்தின?" என்று தங்கை அன்றைக்கே கேட்டாள். அதற்கும் ஒரு ஜோக் சொன்னேன்.

மறுநாளிலிருந்துதான் அந்த டிக் டிக் ஆரம்பித்தது.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. நான் ஒன்று சொன்னால் விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சொல்வதை நான் காதுகொடுத்துக் கேட்டு, சொன்னது சரிதானா என்று பார்க்க வேண்டும். சொன்னவனும் கேட்டவனும் ஒரே பக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. ஆனால் சில்லறை விஷயங்களுக்கு, காற்று எந்தப் பக்கம், நன்றி, போய் வருகிறேன் போன்றவற்றுக்கு, சில விமானிகள் வாயைத் திறக்காமல் மைக் பொத்தானை இரண்டு முறை அழுத்திவிடுவார்கள். எங்கள் காதில் 'டிக் டிக்' என்று விழும். கேட்டது, சரி என்று அர்த்தம். சோம்பேறிப் பழக்கம்; புத்தகத்தில் கிடையாது.

மாப்பிள்ளை என் குரலுக்கு மட்டும் எல்லாவற்றையும் டிக் டிக் ஆக்கிவிட்டார். கோபுரத்தில் மற்ற மூன்று பேர் வேலையில் இருந்தால் மணிமணியாகத் திருப்பிச் சொல்லுவார். நான் உட்கார்ந்தால் டிக் டிக்.

'வாயால் சொல்லுங்கள்' என்று நான் கேட்டிருக்க வேண்டும். அது என் கடமை. கேட்கவில்லை. நான் என்ன கெஞ்சுவது என்று இருந்துவிட்டேன். கௌரவம் என்பது காதில் வைத்துக்கொள்ளும் பஞ்சு. வைத்தவனுக்கு நன்றாகக் கேட்பது போலவே இருக்கும்.

இன்று காலை ஏழரை மணிக்குத் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, இன்னைக்கு நானும் அவரோட விமானத்துல போறேன்."

"யாரு, நீயா? பரண்ல ஏறினாலே கண்ணை மூடிக்குவியே?"

"துறைத் தேர்வு பதினோரு மணிக்கு. பஸ்ஸுல போனா, நான் போய்ச் சேர்றப்போ பேப்பரைத் திருப்பி வாங்கிட்டிருப்பாங்க. ஜோக்கு வேணாம். ஏற்கெனவே பயந்து போயிருக்கேன்."

"ஒண்ணும் ஆகாது. மேலேருந்து நான் பார்த்துக்கறேன்ல?"

"நீங்க ரெண்டு பேரும்தான் பேசிக்கறதே இல்லையே. அப்புறம் எப்படிப் பார்த்துக்குவ?"

"ரேடியோவுல பேசறோம்மா."

"அவர் அப்படிச் சொல்லலையே," என்றாள். போனை வைத்துவிட்டாள்.

எட்டரைக்குப் பனிமூட்டம் வந்தது. முழுதாக மூடினால்கூடத் தேவலை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டீ குடிக்கலாம். இது துண்டு துண்டாக வந்தது. ஒரு பக்கம் புல் நுனிகூடத் தெரிந்தது. இன்னொரு பக்கம் ஓடுபாதையின் தெற்கு முனை, மாப்பிள்ளையின் விமானம் காத்து நிற்கிற முனை, வெள்ளைத் துணி போட்டு மூடியது போல மறைந்துவிட்டது. நான் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தேன். பனி வெளியில் இருந்தது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

எனக்குப் பின்னால் மேற்பார்வையாளர் நின்றிருந்தார். நாங்கள் அவரை நிதானம் சார் என்போம். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

மாப்பிள்ளையின் விமானத்துக்கு எண் பன்னிரண்டு. ஒரு பயணிகள் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. "பன்னிரண்டு, அந்த விமானம் இறங்கி உங்களைக் கடந்ததும் ஓடுபாதையில் ஏறலாம்," என்றேன்.

டிக் டிக்.

அதற்குப் பின்னால் அறுபதாம் எண் சரக்கு விமானம் வந்துகொண்டிருந்தது. நான் கணக்குப் போட்டதைவிட வேகமாக. இடையில் பன்னிரண்டை நுழைத்தால் இடிக்கும். மனத்தை மாற்றிக்கொண்டேன். அறுபதுக்குக் காற்று விவரத்தைச் சொன்னேன். சொன்ன கையோடு, மூச்சு விடாமல், "பன்னிரண்டு, ஓடுபாதையில் ஏறாதீர்கள். கோட்டுக்கு வெளியிலேயே நில்லுங்கள். பின்னால் இன்னொரு விமானம் வருகிறது," என்றேன்.

டிக் டிக்.

சரி, கேட்டாயிற்று என்று அடுத்த விமானத்தின் விவர அட்டையை எடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. என் வாழ்க்கையிலேயே பெரிய தப்பைச் செய்தபோது என் கையில் ஒரு பென்சில் இருந்தது. அதன் முனை மழுங்கியிருக்கிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பயணிகள் விமானம் இறங்கியது. அறுபதுக்கு 'இறங்கலாம்' என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் ஒரு குரல் வந்தது. என் வாழ்நாளிலேயே நான் கேட்ட மிகத் தெளிவான குரல். மாப்பிள்ளையுடையது.

"பன்னிரண்டு, ஓடுபாதையில் நிற்கிறேன். கிளம்பத் தயார்."

கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். வெள்ளை. ஒன்றுமே இல்லை. அந்த வெள்ளைக்குள் என் தங்கை இருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், முப்பத்தைந்து விநாடி தூரத்தில், ஐம்பது டன் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

மைக்கை அழுத்தினேன். "அறுபது, இறங்காதீர்கள்! மேலே ஏறுங்கள்!"

அதே விநாடியில், இறங்கிய பயணிகள் விமானமும் ஏதோ சொல்ல மைக்கை அழுத்தியது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ரேடியோவில் இரண்டு பேர் குரலும் கேட்காது. ஒரு கீச்சுச் சத்தம் மட்டும் வரும். வந்தது.

நிதானம் சார் ஓடி வந்தார். நான்கே எட்டுத்தான். ஆனால் ஓடினார்.

"மறுபடி சொல்லு!"

"அறுபது, மேலே ஏறுங்கள்! ஓடுபாதையில் ஆள் இருக்கிறார்கள்! மேலே ஏறுங்கள்!"

டிக் டிக்.

யார்? அறுபதா? மேலே ஏறுகிறேன் என்கிறாரா? இல்லை, மாப்பிள்ளை எனக்கு வழக்கம்போல் அழுத்துகிறாரா? இல்லை, மூன்றாவது ஆள் யாராவது நன்றி சொல்லிவிட்டுப் போகிறாரா? இரண்டு டிக்குக்கு முகம் கிடையாது. மூன்று மாதமாக அதற்கு நானாக ஒரு முகத்தை ஒட்டி வைத்திருந்தேன்.

"அறுபது, வாயால சொல்லுங்க!" என்று கத்தினேன். விதிப்படி நாங்கள் ரேடியோவில் பேச வேண்டியது ஆங்கிலம். உயிர்ப்பயம் விதியைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

பதில் இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு குரல் வந்தது.

"மச்சான்? எங்க இருக்கு அது? மச்சான்!"

மூன்று மாதத்தில் முதல் தடவை. பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கிற அலைவரிசையில், ஊருக்கே கேட்கிற மாதிரி.

"வெளிய போங்க மாப்ள! இடது பக்கம் புல்லுல இறக்குங்க! போங்க!"

அடுத்து வந்த சத்தம் ரேடியோவில் வரவில்லை. மேலிருந்து வந்தது. கோபுரத்தின் கண்ணாடிகள் அத்தனையும் நடுங்கின. மேசை மேலிருந்த அட்டைகள் ஒன்றொன்றாக நகர்ந்து கீழே விழுந்தன. அந்தச் சத்தம் பெரிதாகியது, இன்னும் பெரிதாகியது, பிறகு மெல்ல மெல்ல வானத்துக்குள் போய்விட்டது.

"அறுபது," என்றது ஒரு வறண்ட குரல். "மேலே ஏறிக்கொண்டிருக்கிறேன். கீழே என்ன இருந்தது?"

நிதானம் சார் என் கையிலிருந்து மைக்கை மெதுவாக எடுத்துக்கொண்டார். "போய் அந்த ரூம்ல உட்காரு," என்றார். தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்தார். நான் குடித்ததைவிடச் சட்டை அதிகம் குடித்தது.

ஓய்வறை என்று பெயர். ஒரு பெஞ்சு, ஒரு மேசை, முள் நின்றுபோன கடிகாரம். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், விசாரணை முடியும்வரை நானும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது என்று நிதானம் சார் சொன்னார். கீழே சாமான்கள் வைக்கிற அறையில் அவரும் இதே போல் ஒரு வெள்ளைத் தாளோடு உட்கார்ந்திருந்தார். மூன்று மாதம் பேசாமலிருக்க எங்களுக்கு யாருடைய உத்தரவும் தேவைப்படவில்லை. இப்போது பேசத் துடிக்கிறோம், தடை.

"டேப்பைக் கேட்டேன்," என்றார் நிதானம் சார். "ஏறாதேன்னு நீ சொன்னதுக்கு அப்புறம் ரெண்டு டிக் இருக்கு. அது யாரோடதுன்னு டேப்புக்குத் தெரியாது. அறுபது வேற ஊருக்குத் திரும்பிடுச்சு. அவரைப் பிடிச்சுக் கேக்க ரெண்டு நாள் ஆகும்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணிக்குத் தலைமை அலுவலகத்துலேருந்து விசாரணை அதிகாரி வர்றாங்க. எழுதி வை."

அவர் வேறெதுவும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். 'பன்னிரண்டு என் ஆணையை ஏற்றுக்கொண்டது' என்று ஒரு வரி எழுதினால் போதும். டிக் டிக் சாட்சி சொல்லும். நான் தப்பித்துவிடுவேன். கேட்டும் ஏறினார் என்று மாப்பிள்ளை மாட்டுவார்.

அந்த வரியை எழுதினேன். பொய் சொல்லவில்லை, எழுதினேன். கையெழுத்தும் வழக்கத்தைவிட அழகாகவே வந்திருந்தது.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு தங்கை வந்தாள். எண்பத்து நான்கு படிகளையும் ஏறி வந்திருக்கிறாள். பயணிக்கு என்னைப் பார்க்கத் தடையில்லை என்று கீழே யாரோ சொல்லியிருக்கிறார்கள். சேலை முந்தானையில் புல்லும் சேறும். தேர்வு போனது போனதுதான்.

நான் எழுந்தேன். எனக்கு முன்னால் அவளே உட்கார்ந்துவிட்டாள்.

"சக்கரம் தெரிஞ்சுது அண்ணா," என்றாள். "ஜன்னல் வழியா. அதுல ஒட்டியிருந்த கருப்புக்கூடத் தெரிஞ்சுது. எனக்குப் பின்னாடி இருந்தவர் சின்னப் புள்ள மாதிரி அம்மான்னார்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கையில் இருக்கையின் விளிம்பு சிவப்புக் கோடாகப் பதிந்திருந்தது.

"என்னாலதான்," என்றாள்.

"நீ என்னம்மா பண்ணின?"

"அங்க நிக்கும்போது எனக்கு மூச்சு முட்டிடுச்சு. கதவைத் திறங்க, நான் இறங்கறேன்னு கத்தினேன். பெல்ட்டைக் கழட்டிட்டேன். அவர் தனியாளு, வேற யாரு இருக்கா? காதுல மாட்டியிருந்ததைக் கழட்டி வெச்சிட்டுத் திரும்பி என் கையைப் பிடிச்சுக்கிட்டார். எல்லாரும் கேக்கற மாதிரி சொன்னார், 'நான் முதல் நாள் அழுதுட்டேதான் இறங்கினேன். இப்ப பாரு, தினமும் ஓட்டறேன்'ன்னு. நான் சிரிச்சிட்டேன். பெல்ட்டைப் போட்டுவிட்டார். அதுக்கப்புறம்தான் மறுபடி மாட்டிக்கிட்டார்."

என் கண் மேசைமேலிருந்த தாளுக்குப் போனது.

"எவ்வளவு நேரம் கழட்டி வெச்சிருந்தார்?" என்று கேட்டேன்.

"ஒரு நிமிஷம் இருக்கும். அப்ப அந்தப் பெரிய விமானம் இறங்கிப் போச்சு. அவரும் கிளம்பினார்."

அவருக்குக் கேட்கவே இல்லை. அந்த டிக் டிக் அவருடையதே இல்லை. காற்று விவரத்துக்கு அறுபது அழுத்திய நன்றியாகத்தான் இருக்கும். வாய் இருந்தும் நான் கேட்காததால், யாரோ ஒருவருடைய நன்றியை என் தங்கையின் உயிருக்கு உத்தரவாதமாக வாங்கி வைத்திருந்தேன்.

மேசையிலிருந்த தாளைத் தங்கை பார்த்தாள். படித்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதையா எழுதியிருக்க?" என்றாள்.

கிழித்தேன். புதுத் தாளில் எழுதினேன். 'பன்னிரண்டிடமிருந்து எனக்குப் பதில் வரவில்லை. வந்த சத்தம் யாருடையது என்று நான் கேட்கவில்லை. மூன்று மாதமாக அவர் வாயால் பதில் சொல்லாததை நான் அனுமதித்தேன். எங்களுக்குள் குடும்பச் சண்டை. தப்பு என்னுடையது.' எழுத்து கோணல்மாணலாக இருந்தது. கையெழுத்துப் போட்டு நிதானம் சாரிடம் கொடுத்தேன். இனி வேலை போகலாம். போனாலும் ராத்திரி தூக்கம் வரும் என்று ஒரு சின்ன தைரியம்கூட வந்தது.

அந்தத் தைரியத்துக்கு ஆயுள் இரண்டு நிமிஷம்.

நிதானம் சார் படித்தார். மறுபடி படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"உன் மாப்பிள்ளை அரை மணிக்கு முன்னாடியே குடுத்துட்டார்," என்றார். "ஏறாதேன்னு நீ சொன்னது கேட்டுச்சாம். டிக் டிக்னு பதில் குடுத்தாராம். மறதியில ஏறிட்டாராம். கோபுரத்துல இருந்தவர் மேல எந்தத் தப்பும் இல்லையாம்."

தங்கை வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"சார், அது பொய்," என்றேன். "அவருக்குக் கேக்கவே இல்ல. என்னைக் காப்பாத்த எழுதியிருக்கார்."

"தெரியுதுப்பா. அதுதான் பயமா இருக்கு." அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "தப்புப் பண்ணினவனை மறுபடி பயிற்சிக்கு அனுப்புவாங்க, ஆறு மாசம் உட்கார வைப்பாங்க. மீண்டு வரலாம். விசாரணையில பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டவனுக்கு லைசென்ஸ் கிடையாது. ஜென்மத்துக்கும் கிடையாது. இப்ப உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய்யர். எவர்னு முடிவு பண்ண வேண்டியது நான் இல்ல."

"அவர் தாளைத் திருப்பிக் குடுத்துடுங்க சார். நான் கீழ போய்ச் சொல்றேன்."

"எண் போட்டுப் பதிவு பண்ணியாச்சு," என்றார். "நீ கீழ போனா, ரெண்டு பேரும் கூடிப் பேசி எழுதினதா ஆயிடும்."

அவர் போன பிறகு தங்கை முந்தானையிலிருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டாள். பிறகு, "விமானத்துல முன் சீட்டுல இருந்தது நான்தானே அண்ணா? அவர் கழட்டி வெச்சதை வேற யாரு பார்த்திருப்பாங்க?" என்று கேட்டாள்.

"நீதான்."

"உண்மையைச் சொன்னா அவர் பொய்யர். அவர் எழுதினதையே நானும் சொன்னா நீ பொய்யன்."

ஆமாம் என்று தலையாட்டினேன். எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் என்று குடும்பத்தில் எனக்குப் பெயர்.

விசாரணை அதிகாரி இரண்டே முக்காலுக்கே வந்துவிட்டார். ஐம்பது வயது அம்மா. தோளில் ஒரு துணிப்பை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. ரேஷன் வரிசையில் நின்றால் நமக்கு முன்னால் இடம் கொடுக்கலாம் போன்ற முகம். தாழ்வாரத்தில் இரண்டு பெஞ்சுகள் போட்டு, எதிரெதிரே என்னையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்தார்கள். நடுவில் நிதானம் சார், இரண்டு நாய்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர் மாதிரி.

மாப்பிள்ளையின் கால்சட்டையில், முழங்கால் பக்கம் புல் கறை. கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தார். எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. அவருக்கும் இருந்தது. இடையில் ஆறடி.

"முதல்ல பயணிகள் தரப்பு," என்றார் அதிகாரி. "முன் சீட்டுல இருந்தவங்க யாரு?"

தங்கை எழுந்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல், ஆனால் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, வேண்டாம் என்று தலையை அசைத்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன அசைப்பது? எதை அசைத்தாலும் ஒருவரை அசைத்துவிடும். கீழே பார்த்தேன். கதவு மூடிக்கொண்டது.

உள்ளே அதிகாரியின் குரல் மெலிதாகக் கேட்டது. பிறகு தங்கையின் குரல், நாலு வார்த்தைக்கு மேல் இருக்காது. என்ன வார்த்தை என்று பிடிபடவில்லை. மாப்பிள்ளை கைகளைக் கோத்துக் கோத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

கதவு திறந்தது. உள்ளே போய் ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"அந்தம்மா சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டாங்க," என்றார் அதிகாரி. எங்கள் இரண்டு தாள்களும் அவர் கையில் இருந்தன. "ரெண்டு பேரும் உள்ள வாங்க."

எழுந்தேன். மாப்பிள்ளையும் எழுந்தார். வாசலில் இருவரும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்து, இருவருமே நின்றோம்.

"நீங்க போங்க மச்சான்," என்றார்.

"இல்ல மாப்ள, நீங்க."

"பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல?" என்றார் அதிகாரி.

உள்ளே, தங்கை எங்கள் இருவரில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

(தொடரும்)